மறு: லோடு பேலன்சிங், கனெக்‌ஷன் பூலிங் – சமநிலையும் வேண்டாம், குளமும் வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த மடல் இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கையேட்டை மொழிபெயர்க்கும் தங்கை தமிழ்ச் சொல் கேட்டது இரண்டுக்குத்தான்: லோடு பேலன்சிங், கனெக்‌ஷன் பூலிங். முதலாவது, வரும் வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்து அனுப்புவது; இரண்டாவது, திறந்த இணைப்புகளை மூடாமல் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. வங்கி போன்ற இடங்களின் பெரிய மையக் கணினியான மெயின்ஃபிரேமில் ஓடும் பழைய நிரல்களை வெளியே இருக்கும் ஜாவா சேவைகளோடு இணைப்பது பற்றிய கையேடு என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தார். நாம் அந்த மெயின்ஃபிரேமை மறந்துவிட்டு சுமையா பளுவா, சமனா சமநிலையா, குளமா தொகுப்பா என்று ஓடிவிட்டோம். யாழ்ப்பாணத்து ஐயா வேறு, "எங்கள் பக்கம் நீச்சல் தடாகம் என்றுதான் எழுதுவோம், அப்படியானால் இணைப்புத் தடாகம் என்று போடட்டுமா" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் இது.

> சுமைச் சமநிலை ஏற்கெனவே நாலு இடத்தில் புழங்குகிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

புழங்கட்டும். எனக்கு ஏன் அது தொண்டையில் சிக்குகிறது என்றால் ஒரு திங்கட்கிழமைதான் காரணம். ஒரு வங்கி, பெயர் வேண்டாம். மெயின்ஃபிரேமில் நான்கு சிஐசிஎஸ் ரீஜியன்கள் (பரிவர்த்தனைகளை நடத்தும் ஐபிஎம் மென்பொருள் சிஐசிஎஸ், அதன் ஒவ்வொரு தனி ஓட்டமும் ஒரு ரீஜியன்), நான்கும் ஒரே வேலையைச் செய்பவை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே முகவரி. அந்த முகவரிக்கு வரும் இணைப்புகளை நான்குக்கும் பிரித்து அனுப்புவது சிஸ்பிளெக்ஸ் டிஸ்ட்ரிபியூட்டர். இந்தப் பக்கம் ஜாவா சர்வர்கள், ஒவ்வொன்றும் காலையில் எழுந்ததும் கொஞ்சம் இணைப்புகளைத் திறந்து கையில் வைத்துக்கொள்ளும், நாள் முழுக்க விடாது. ஞாயிறு இரவு நான்கில் ஒரு ரீஜியனைப் பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். அதோடு பேசிக்கொண்டிருந்த இணைப்புகள் எல்லாம் அறுந்து, ஜாவா சர்வர்கள் உடனே புதிதாகத் திறக்க, அவை மீதி மூன்றிலும் போய் உட்கார்ந்துகொண்டன. ஒரு மணி நேரத்தில் நான்காவது ரீஜியன் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று ரீஜியன்கள் மூச்சுத் திணறுகின்றன, நான்காவது ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. புதிதாகச் சேர்ந்த பையன் வந்து, "அண்ணா, பேலன்சர் வேலை செய்யலையா?" என்று கேட்டான். அவனுக்குத் தமிழிலேயே விளக்கலாம் என்று ஆசைப்பட்டு நான் சொன்ன வாக்கியம்: "சமநிலைப்படுத்தி சரியாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் சமநிலை இல்லை."

என்னை மேலும் கீழும் பார்த்தான். அவன் மேல் தப்பில்லை.

உண்மையில் நடந்தது எளிது. அந்த டிஸ்ட்ரிபியூட்டர் முடிவெடுப்பது ஒரே ஒரு தருணத்தில்: புது இணைப்புக்கான முதல் டிசிபி (இணையத் தொடர்பு நெறி) பொட்டலம் வந்து நிற்கும்போது. அப்போது எந்த ரீஜியனுக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று மெயின்ஃபிரேமின் வேலைப்பளு மேலாளரான டபிள்யூஎல்எம் தரும் எடையைப் பார்க்கும் (இயல்பாக அறுபது நொடிக்கு ஒருமுறை அந்த எடையைப் புதுப்பித்துக்கொள்ளும்), ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கும், அதோடு சரி. அதன் பிறகு அந்த இணைப்பில் பத்து கோரிக்கை போனாலும் பத்தாயிரம் போனாலும் எல்லாம் அதே இடத்துக்குத்தான். ஆக ஒரு பக்கம் இணைப்பு திறக்கும்போது மட்டும் யோசிக்கும் கருவி, இன்னொரு பக்கம் இணைப்பைத் திறந்தால் மூடவே கூடாது என்று அடம்பிடிக்கும் கருவி. இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்து, சேர்ந்து நம்மைக் கவிழ்க்கும். லோடு பேலன்சிங், கனெக்‌ஷன் பூலிங் இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல் தேடினால் இந்தச் சண்டை கண்ணில் படாது. நாம் போடும் சொற்களை வைத்து இந்தச் சண்டையைத் தமிழில் ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

சுமையா பளுவா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை, ஆனால் "வேலைப்பளு" நாளிதழிலும் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிற சொல். "ஆபீஸ்ல வேலைப்பளு அதிகம்" என்று சொல்லாதவர் யார்? டபிள்யூஎல்எம் என்பதன் முதல் இரண்டு எழுத்து குறிப்பதும் அதே வேலைப்பளுவைத்தான். சுமை என்றால் எனக்குக் கடன்சுமை, தலைச்சுமைதான் நினைவுக்கு வருகிறது. பளு என்று வைத்துக்கொள்வோம்.

சமநிலைதான் பிரச்சினை. மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குகிறவர் செய்வது நிஜமான சமன். முன்பாரமானால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும். அச்சுக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். கணினியில் அச்சும் இல்லை, அப்படி யாரும் சமன் பார்ப்பதும் இல்லை. பெரிய இயந்திரத்தில் இருக்கும் ரீஜியனுக்கு அதிகம், சின்னதுக்குக் குறைவு, உடம்பு சரியில்லாததற்கு ஒன்றுமே இல்லை, இதுதான் நடக்கிறது. சமமாகப் பிரித்தால்தான் தப்பு. கல்லணையைப் பாருங்கள். வருகிற தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் போகிறது. நாலு பங்கும் சமமாக இருக்க வேண்டும் என்று அங்கே எவரும் நினைப்பதில்லை. எதற்கு எவ்வளவு தாங்கும், எங்கே பயிர் நிற்கிறது என்று பார்த்து ஷட்டரை ஏற்றி இறக்குகிறார்கள், வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில் திறந்துவிடுகிறார்கள். அதன் பெயர் பகிர்வு. "நீர்ப் பகிர்வு" என்று எழுதிப் பழகிய கைதான் நம்முடையது. ஆகவே என் ஓட்டு பளுப் பகிர்வு. செய்யும் கருவி பகிர்வி அல்லது பகிர்வான். எனக்குப் பகிர்வி பிடிக்கும். "பகிர்வி நன்றாகத்தான் பகிர்ந்தது, ஆனால் பங்கு பழையதாகிவிட்டது" என்று அந்தப் பையனிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை அவனுக்குப் புரிந்திருக்கும்.

ஆனால் இதுவும் போதாது. எதைப் பகிர்கிறோம்? இணைப்பையா, கோரிக்கையையா? இங்கேதான் கையேடு தடுக்கி விழும். ஆகவே ஒரே சொல்லுக்குப் பதில் இரண்டு வைக்கச் சொல்கிறேன்:

இணைப்புவாரிப் பகிர்வு,
கோரிக்கைவாரிப் பகிர்வு.

மாவட்டவாரி, வகுப்புவாரி, தொகுதிவாரி என்று தேர்தல் முடிவு வரும் நாளெல்லாம் கேட்கிற "வாரி". எதை அலகாக வைத்துப் பிரிக்கிறோம் என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல எனக்கு வேறு ஒட்டு தெரியவில்லை. இது பாரசீக ஒட்டு, ரயத்துவாரியில் இருப்பது, தனித்தமிழ் அன்பர்கள் கோபிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்கு "இணைப்புதோறும் பகிர்தல்" இருக்கிறது, கொஞ்சம் நீளும், தப்பில்லை. நான் வாரியோடு போகிறேன்.

இந்த வேறுபாடு நேற்று முளைத்ததும் இல்லை. சிஐசிஎஸ் 1969-இல் வந்தது, அதே வகை ஐபிஎம் மென்பொருளான ஐஎம்எஸ் அதற்கு ஒரு வருடம் முன்னால், அப்போலோ நிலவுத் திட்டத்து ராக்கெட்டின் பாகங்களின் கணக்கைக் கட்டியாளப் பிறந்தது. இவற்றின் உலகத்தில் எதிர்முனையில் இருந்தது ஒரு டெர்மினல், அதன் முன்னால் ஓர் ஆள். காலையில் லாகான், மாலையில் லாகாஃப். 1990களில் பல மெயின்ஃபிரேம்களை ஒன்றாகச் சேர்க்கும் பேரலல் சிஸ்பிளெக்ஸ் வந்தபோது, டெர்மினல் இணைப்புகளைக் கவனிக்கும் விடிஏஎம் மென்பொருளில் ஜெனரிக் ரிசோர்ஸ் என்று ஒன்று கொடுத்தார்கள்: ஒரே பொதுப் பெயருக்கு லாகான் செய்தால் போதும், எந்த ரீஜியன் என்று விடிஏஎம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதுவும் லாகானின்போது மட்டுமே பார்க்கும். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவர் மாலை வரை அதே ரீஜியன். அது சுத்தமான இணைப்புவாரி. ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்ததால் அன்றைக்கு அது பெரிதாக உறுத்தவில்லை. இன்றைக்கு எதிர்முனையில் இருப்பது ஆள் இல்லை, ஆயிரம் கைப்பேசிகளின் கோரிக்கைகளை ஐம்பது இணைப்பில் திணிக்கும் ஒரு சர்வர், அதற்கு மாலையும் இல்லை லாகாஃபும் இல்லை.

கோரிக்கைவாரிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஐபிஎம்மின் தரவுத்தளமான டிபி2. ஒரே தரவைப் பல டிபி2-கள் பகிரும் டேட்டா ஷேரிங் குழுவில் பல உறுப்பினர்கள் இருந்தால், ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஐபிஎம்மின் ஜேடிபிசி டிரைவரில் சிஸ்பிளெக்ஸ் பகிர்வை இயக்கிவிடலாம். ஒவ்வொரு பரிவர்த்தனை முடியும் இடத்திலும், எந்த உறுப்பினர் எவ்வளவு தாங்குவார் என்ற எடைப் பட்டியலை வைத்து அடுத்த பரிவர்த்தனையை வேறோர் உறுப்பினருக்குத் திருப்பும். மேலே இருக்கும் நிரலுக்கு இணைப்பு மாறியதே தெரியாது. கறாராகச் சொன்னால் இது பரிவர்த்தனைவாரி. கோரிக்கையும் பரிவர்த்தனையும் ஒன்றில்லை என்று யாராவது திருத்தும் முன் நானே சொல்லிவிடுகிறேன். வாரி என்ற ஒட்டின் வசதியே அதுதான், முன்னால் இருக்கும் சொல்லை மாற்றினால் போதும்.

இனி குளம்.

> பூல் என்றால் குளம்தானே, நேரடியாகப் போட்டால் எளிதாகப் புரியும்.

புரியாது, ஏனென்றால் அது வேறு பூல். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொல் இருக்கின்றன. தண்ணீர்க் குளம் ஒன்று. மற்றது பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, அங்கே அதற்குக் கோழி என்று பொருள். சூதாட்டத்தில் எல்லாரும் நடுவில் போடும் பந்தயப் பணத்துக்கு அந்தப் பெயர் வந்து, அப்புறம் பலர் சேர்ந்து போட்டுப் பலர் எடுத்துப் பயன்படுத்தும் எந்தப் பொதுமுதலுக்கும் ஆகிவந்தது. கனெக்‌ஷன் பூல் இந்த இரண்டாவதன் வழிவந்தது. நியாயமாகப் பார்த்தால் இணைப்புக் கோழி என்று வைப்பதுகூடக் குளத்தைவிட ஒரு படி நெருக்கம். தடாகம் கேட்ட ஐயா இப்போது திருப்திப்படுவார் என்று நினைக்கிறேன்.

தொகுப்பு என்பதற்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை. கவிதைத் தொகுப்பு, மென்பொருள் தொகுப்பு, நிரலைத் தொகுப்பது. திரட்டு என்றதும் வலைப்பூக் காலத்து ஆட்களுக்குப் பதிவுகளைச் சேர்த்துக் காட்டிய திரட்டிதான் நினைவுக்கு வரும். தவிர இரண்டும் சேர்த்து வைப்பதை மட்டும் சொல்கின்றன. எடுத்தவர் திருப்பி வைக்க வேண்டும், அதையே அடுத்தவர் எடுப்பார் என்ற உயிர்நாடி அவற்றில் இல்லை.

நான் இதைப் புதியவர்களுக்கு விளக்கும்போது வாடகை சைக்கிள் கடையைத்தான் சொல்வேன். கடையில் பதினைந்து சைக்கிள். வருகிறவர் நோட்டில் பேரும் நேரமும் எழுதிவிட்டு எடுத்துப் போவார், வேலை முடிந்ததும் கொண்டுவந்து நிறுத்துவார். பதினைந்தும் வெளியே போயிருந்தால் பதினாறாவது ஆள் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவார், அதுதான் டைம்அவுட். கொடுக்கும் முன் கடைக்காரர் டயரை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பார். ரொம்பப் பழசாகிவிட்டதைக் கழித்துவிடுவார். எடுத்துப்போனவர் சைக்கிளோடு ஊரைவிட்டே போய்விட்டால் கடைக்கு ஒன்று குறைந்தது குறைந்ததுதான். ஒவ்வொருவரும் போய்ப் புதுசு வாங்கினால் என்ன என்று கேட்டால், மெயின்ஃபிரேமில் அந்தப் புதுசு விலை அதிகம். டிசிபி கைகுலுக்கல், அதன் மேல் மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் கைகுலுக்கல், அதன் மேல் மெயின்ஃபிரேமின் பாதுகாப்பு மென்பொருளான ராக்எஃப் வந்து நீ யார் என்று கேட்பது, எல்லாம் சிபியு. மெயின்ஃபிரேம் மென்பொருளுக்கு நெடுங்காலமாக வாடகை கணக்கிடப்படுவது நான்கு மணி நேர நகரும் சராசரியின் மாத உச்சத்தை வைத்து. காலை நெரிசலில் கோரிக்கைக்கு ஓர் இணைப்பு என்று திறந்து மூடினால் அந்த உச்சத்தில் அதுவும் ஏறும், மாதக் கடைசியில் பில்லாக வரும்.

இப்படி, போய்த் திரும்பி வரும் பொதுமுதலுக்கு நம் ஊரில் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது, மகளிர் சுய உதவிக் குழுவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சுழல்நிதி. ஒருவர் கடனாக எடுப்பார், திருப்புவார், அதே பணம் அடுத்தவருக்குப் போகும். எனக்கு இது தோன்றியதும் தேடலை நிறுத்திவிட்டேன். பூல் என்பதற்குச் சுழலிருப்பு. அதில் இருக்கும் இணைப்பு சுழலிணைப்பு. பூலிங், சுழலிருப்பு வைத்தல். திரெட் பூல் (இங்கே திரெட் என்பது ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும் நிரல் ஓட்டம்), இழைச் சுழலிருப்பு. வெறும் இணைப்பிருப்பு போதாதா என்று கேட்கலாம். கையேடு வங்கி நிரல் பற்றியது, அங்கே இருப்பு என்றாலே கணக்கில் இருக்கும் பணம். "இருப்பு தீர்ந்துவிட்டது" என்று ஒரு பிழைச்செய்தி வந்தால் வாடிக்கையாளருக்கு மாரடைப்பு வரும். சுழல் என்ற முன்னொட்டு அதைக் காப்பாற்றுகிறது.

கோவை நண்பர் இதற்குள் ஆட்சேபம் எழுதிக்கொண்டிருப்பார்: சுழல் என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாக வரிசைப்படி கொடுக்கும் ரவுண்ட் ராபினோடு குழம்புமே, அதைச் சுழற்சி முறை என்கிறோமே என்று. சரியான ஆட்சேபம். ஆனால் ரவுண்ட் ராபினுக்கு நம்மிடம் இன்னும் நல்ல சொல் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் விடுவார்கள், முறைப்பாசனம் என்று செய்தியிலும் வரும். ரவுண்ட் ராபின் முறைவைப்பு ஆகட்டும். எடை பார்த்து முறை வைத்தால் எடைமுறைவைப்பு. சுழலைச் சுழலிருப்புக்கு விட்டுவிடுவோம்.

பூலிலிருந்து எடுப்பதற்கு இரவல். கடன் என்றால் வாங்கிய அதே நோட்டைத் திருப்ப வேண்டியதில்லை. இரவல் என்றால் வாங்கிய அதே பொருள் திரும்ப வேண்டும். நிரலர்கள் கசிவு என்று எழுதுவது, எடுத்த இணைப்பைப் பிழை வந்த பாதையில் திருப்பாமல் விடுவது. குளம் போனால் கசிவும் போக வேண்டும், திரும்பாத இரவல் என்றே எழுதலாம். வீட்டில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கொஞ்சம் கணக்கு, ஏனென்றால் கையேட்டில் அடுத்த அத்தியாயம் அதுதான் என்று தங்கை எழுதியிருந்தார். எத்தனை இணைப்பு வேண்டும்? இது தொலைபேசிக் காலத்துக் கேள்வி, எத்தனை டிரங்கு லைன் போட்டால் போதும் என்று கோபன்ஹேகனில் எர்லாங் என்ற கணித அறிஞர் 1917-லேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். அன்றாடத்துக்கு 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி போதும்: நொடிக்கு வரும் கோரிக்கையை, ஒரு கோரிக்கை எடுக்கும் நொடியால் பெருக்கு. நொடிக்கு 300 கோரிக்கை, ஒவ்வொன்றும் 40 மில்லிநொடி என்றால் 12. பன்னிரண்டு இணைப்புதான் சராசரியாக ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும். நெரிசலுக்கு இரட்டிப்பாக வைத்தாலும் 24. ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? ஒவ்வொரு சர்வருக்கும் ஐம்பது என்று யாரோ எப்போதோ எழுதியதை நகலெடுத்து இருபது சர்வரில் ஒட்டுகிறார்கள். ஆயிரம். அந்தப் பக்கம் டிபி2-வில், வெளியிலிருந்து வரும் வேலையை ஒரே நேரத்தில் செய்யும் டிபிஏடி இழைகளின் வரம்பு, யாரும் தொடாவிட்டால், 200.

இங்கே இன்னொரு அழகு இருக்கிறது, சொல் விவாதத்துக்கும் உதவும். டிபி2 தன் பக்கம் தானே ஒரு சுழலிருப்பு வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பு 10,000 வரை போகலாம் என்பது இயல்புநிலை, ஆனால் அவை சும்மா இருக்கும்போது இழை எதையும் பிடித்து வைப்பதில்லை. கமிட் ஆனதும், அதாவது பரிவர்த்தனை உறுதியாகி முடிந்ததும், இழையைப் பொதுவில் விட்டுவிட்டு இணைப்பு மட்டும் தூங்கும், அடுத்த கோரிக்கை வந்தால் ஏதாவதொரு இழை வரும். ஆக நம் பக்கம் இணைப்புச் சுழலிருப்பு, அவர்கள் பக்கம் இழைச் சுழலிருப்பு. ஆனால் நிரலர் கமிட்டுக்குப் பிறகும் திறந்தே இருக்கும் கர்சரை (விடைகளை வரிவரியாகப் படிக்கும் சுட்டியை) விட்டுவைத்தாலோ, தற்காலிக அட்டவணையை அழிக்காமல் விட்டாலோ, தயாரித்த வினவலைக் கமிட்டுக்குப் பிறகும் வைத்திருக்கச் சொல்லும் கீப்டைனமிக் போட்டு நிரலின் பேக்கேஜைக் கட்டியிருந்தாலோ இழை திரும்பாது. இங்கே இணைப்பு இரவல் திரும்பியிருக்கும், அங்கே இழை இரவல் திரும்பியிருக்காது. "குளத்தில் கசிவு" என்று இதை எழுதிப் பாருங்கள், எந்தக் குளம் என்று கேட்பார்கள்.

சிஐசிஎஸ் பக்கமும் வரம்பு உண்டு. டிரான்ஸாக்‌ஷன் கேட்வேயிலிருந்து எக்ஸ்சிஐ என்ற இடைமுகம் வழியாகப் போனால் ஓர் அட்ரஸ் ஸ்பேஸுக்கு (அழைக்கும் நிரலின் நினைவகப் பரப்புக்கு) 100 பைப், பிறகு அதை 250 வரை உயர்த்த வழி வந்தது. பைப்புக்குக் குழாய் போதும், அதில் விவாதம் வேண்டாம்.

இன்னொரு சொல்லை இந்த விவாதத்தில் யாரும் தொடவில்லை. ரொம்ப நேரம் சும்மா கிடந்த இணைப்பை நடுவில் இருக்கும் ஃபயர்வால் சத்தமில்லாமல் மறந்துவிடும். இரண்டு முனையும் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் டிசிபி கீப்அலைவ் காப்பாற்றும் என்றால் அதன் வழக்கமான இடைவெளி இரண்டு மணி நேரம், அதற்குள் ஃபயர்வால் காரியத்தை முடித்திருக்கும். காலையில் முதல் கோரிக்கை அந்த இணைப்பில் போய் அப்படியே தொங்கும். ஆங்கிலத்தில் பழசாகிப்போனது என்ற பொருளில் ஸ்டேல் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், அதை "பழைய இணைப்பு" என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். பழையது நன்றாகத்தான் இருக்கும், வெங்காயம் தொட்டுச் சாப்பிடலாம். இது ஊசிப்போன இணைப்பு. ராத்திரி மூடி வைத்த சாம்பாரைக் காலையில் திறந்து முகர்ந்து பார்ப்பவர்கள் நாம், அதையேதான் இரவல் கொடுக்கும் முன் சுழலிருப்பும் செய்ய வேண்டும். இது கலைச்சொல்லுக்குக் கொச்சை என்றால் ஊசலிணைப்பு என்று இறுக்கிக்கொள்ளலாம், ஆனால் ஊசல் என்றால் கடிகாரப் பெண்டுலமும் ஆகிவிடும். நான் ஊசிப்போனதோடு நிற்கிறேன்.

திங்கட்கிழமைக்குத் திரும்பினால், மருந்து என்ன? ஒன்று, சுழலிணைப்புக்கு ஆயுள் வைப்பது. இருபது நிமிடம் ஆனதும் நல்ல இணைப்பாக இருந்தாலும் மூடிவிட்டுப் புதிதாகத் திற. அப்போதுதான் பகிர்விக்கு மறுபடி யோசிக்க வாய்ப்புக் கிடைக்கும், திரும்பி வந்த ரீஜியனுக்குப் பங்கு போகும். எல்லா இணைப்புக்கும் ஒரே ஆயுள் வைத்தால் எல்லாம் ஒரே நொடியில் செத்து ஒரே நொடியில் பிறக்கும், அது இன்னொரு கூத்து, ஆகவே முன்பின் கொஞ்சம் சிதறவிட வேண்டும். இரண்டாவது, ரீஜியனை நிறுத்தும் முன் புது இணைப்பு அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டு, இருப்பவை தாமாக முடிய விடுவது. அந்தப் பக்கத்துக் கட்டளையின் பெயர் குவியெஸ், பொதுவாக டிரெயின் என்பார்கள். வயலில் செய்வதுதான்: வடியவிடு. இதற்கு யாரும் மாற்றுச் சொல் கொண்டுவராதீர்கள். ஆனால் ஆயுள் வைக்காத சுழலிருப்பு எதிரே இருந்தால் வடியவே வடியாது என்பதையும் கையேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மெயின்ஃபிரேமுக்குச் சொல் கேட்டவருக்கு: சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் வேலை பார்ப்பவர்கள் மெயின்ஃபிரேம் என்கிறார்கள், நானும் அப்படியே. அந்தப் பெயர் முதலில் மையச் செயலி இருந்த இரும்பு அலமாரியைக் குறித்தது, அதைப் பிடித்துக்கொண்டு முதன்மைச் சட்டகம் என்று போனால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். பெருங்கணினி வேண்டுமானால் சரி.

தங்கை அனுப்பிய பத்தியை இந்தச் சொற்களை வைத்துத் திருப்பி எழுதிப் பார்த்தேன். மூலத்தில் இருந்த எண்களை நான் மாற்றியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்:

"ஒவ்வொரு ஜாவா சர்வரும் தன் சுழலிருப்பில் அதிகபட்சம் 10 இணைப்புகள் வைத்திருக்கும். சுழலிணைப்பின் ஆயுள் 20 நிமிடம், இரண்டு நிமிடம் முன்பின். இரவல் கொடுக்கும் முன் இணைப்பு ஊசிப்போயிருக்கிறதா என்று பார்க்கவும். மெயின்ஃபிரேம் பக்கம் பளுப் பகிர்வு இணைப்புவாரியாக நடப்பதால், நின்று திரும்பிய ரீஜியனுக்குப் பழைய இணைப்புகளின் ஆயுள் முடிய முடியத்தான் பளு போய்ச் சேரும். ரீஜியனை நிறுத்தும் முன் வடியவிடவும்."

என் வீட்டில் கணினிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். ரீஜியன் என்றால் என்ன என்று மட்டும் கேட்டார். சுழலிருப்பைக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு முடியவில்லை. சில சிஐசிஎஸ் நிரல்கள் முந்தைய கோரிக்கையின் மிச்சத்தை அந்த ரீஜியனின் நினைவகத்திலேயே வைத்துவிட்டுப் போகும், சிடபிள்யூஏ என்ற பொது நினைவிடத்தில் அல்லது மெயின் டெம்பரரி ஸ்டோரேஜ் என்ற தற்காலிக நினைவிடத்தில். அடுத்த கோரிக்கை வேறு ரீஜியனுக்குப் போனால் அங்கே அந்த மிச்சம் இருக்காது. அதனால் கோரிக்கைவாரிப் பகிர்வையே அவற்றுக்கு அணைத்துவைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒட்டுதலுக்கு அவர்கள் அஃபினிட்டி என்கிறார்கள். நான் "பற்று" என்று எழுதி வைத்திருந்தேன், இடப்பற்று என்றும் எழுதிப் பார்த்தேன். வங்கிக் கையேட்டில் பற்று என்று போட்டால் பக்கத்திலேயே வரவு எங்கே என்று தேடுவார்கள். ஒட்டு என்றால் ஓட்டு என்று படிக்கிறார்கள், தேர்தல் வேறு ஞாபகம் வந்துவிடுகிறது. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கட்கிழமை தங்கை ஐந்தாம் அத்தியாயத்தை அனுப்ப வேண்டுமாம்.

அன்புடன்.